ஆகஸ்ட் வரை அந்தத் துளையை மூடாதே

ஸ்காபரோ
ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டோடு சேர்ந்த மரத்தள டெக்குக்கு அடியில், நாற்றநீர் பீய்ச்சும் ஸ்கங்க் என்ற விலங்கு புகுந்திருக்கிறது, சனிக்கிழமை பலகை அடித்துத் துளையை மூடிவிடுகிறேன் என்று நேற்றுச் சொன்னாய். மூடாதே. தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

மே, ஜூன்தான் ஸ்கங்க் குட்டி போடும் காலம். ஒரு ஈற்றில் பெரும்பாலும் நான்கு முதல் ஏழு குட்டிகள். தாய் இரை தேடப் போன நேரத்தில் நீ அடைத்தால் குட்டிகள் உள்ளேயே பட்டினி கிடந்து சாகும். பிள்ளை பெற்றுக் கிடப்பவளின் வாசலை யாராவது அடைப்பார்களா? பொறி வைத்துப் பிடித்துத் தூரத்துக் காட்டில் விடலாம் என்றும் நினைக்காதே. பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் விட ஒன்ராறியோச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

ஆகஸ்ட் வரை பொறு. குட்டிகள் வளர்ந்து வெளியேறியதும் துளையில் பழைய செய்தித்தாளைக் கசக்கித் தளர்வாகச் செருகு. இரண்டு மூன்று இரவுகள் அது அசையாமல் கிடந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. பிறகு டெக்கைச் சுற்றிக் கம்பிவலை போடு. நேராக இறக்கினால் மட்டும் போதாது, அடியால் தோண்டிக்கொண்டு வந்துவிடும். 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறக்கி, அங்கிருந்து வெளிப்பக்கமாக இன்னும் 30 சென்ரிமீற்றர் மடக்கி மண்ணைப் போடு. தோண்டும் நகம் கம்பியில் பட்டதும் விட்டுவிடும்.

புல்தரையில் தெரியும் சின்னக் குழிகள் வண்டுப் புழுக்களைத் தேடித் தோண்டியவை. புழு இருக்கும்வரை ஸ்கங்க் வரும். ஆகஸ்ட் கடைசியில், அந்தப் புழுக்களைக் கொல்லும் நெமற்றோட் என்ற நுண்புழுக்களை வாங்கி ஈரப் புல்லில் தெளி. சாப்பாட்டுக் கழிவு போடும் பச்சைத் தொட்டியை இரவில் பூட்டி வை, நாயின் சாப்பாட்டை வெளியே விடாதே.

இருட்டியபின் நாயைக் கயிற்றோடு மட்டும் கூட்டிப்போ. ஸ்கங்க் முன்னங்காலால் தரையை அடித்து வாலைத் தூக்கினால் அது எச்சரிக்கை. சத்தம் போடாமல் பின்வாங்கு, 3 மீற்றருக்கும் பீய்ச்சும். நாய்மேல் பட்டுவிட்டால் தக்காளிச் சாற்றைத் தேடி ஓடாதே, அதால் நாற்றம் போகாது. 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் 1 லீற்றர், கால் கோப்பை அப்பச்சோடா, ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் மூன்றையும் கலந்து, கண்ணில் படாமல் தேய்த்து, ஐந்து நிமிடம் கழித்துக் கழுவு. மிச்சத்தைப் போத்தலில் அடைத்து வைக்காதே, வெடிக்கும். நாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று இன்றைக்கே பார்.

கம்பிவலை போடும் நாளைச் சொல். அப்பா மண்வெட்டியோடு வருவார்.

அம்மா