வேலூர் மாவட்ட வேர்க்கடலை வியாபாரிகளுக்கும் ஆலை உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா அனைவருக்கும் வணக்கம்.

அணைக்கட்டுப் பக்கம் மல்லாட்டை பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்தவள் நான். இப்போது கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: காயை உடைத்துப் பருப்பெடுக்கும் இயந்திரத்தில் போடும் முன் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள்.

தெளித்தால் பருப்பு உடையாமல் விழும், முழுப் பருப்புக்குத்தான் நல்ல விலை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஈரம் காயாமல் மூட்டை கட்டி அடுக்கினால் உள்ளே புழுங்குகிறது. மூட்டையின் நடுவே கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். பிறகு பருப்பின் மேல் மஞ்சளும் பச்சையுமாகப் பூசணம் படரும். அது சுரக்கும் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகளைக் கொன்றது தீவனக் கடலைப் புண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சுதான். கல்லீரல் புற்றுநோய்க்கும் காரணமாகிறது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது.

தாய் சட்னியில் தின்ற நஞ்சை அவள் கல்லீரல் எம்1 என்ற வடிவத்துக்கு மாற்றுகிறது. அதில் ஒரு சிறு பங்கு தாய்ப்பாலில் இறங்குகிறது. பசும்பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி உண்டு. என் பாலை யார் சோதிப்பார்கள்?

இதற்கு அஞ்சி எந்தத் தாயும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். புட்டிப்பால் மாவும் மாட்டுப்பாலில் செய்ததுதான், அதிலும் எம்1 வரக்கூடும். தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை. சுருங்கியதும் நிறம் மாறியதும் கசப்பதுமான பருப்பை நாங்கள் பொறுக்கி எறிகிறோம். பார்வைக்கு நன்றாக இருக்கும் பருப்பிலும் நஞ்சு இருக்கலாம் என்பதால்தான் உங்களிடம் வருகிறேன்.

நீங்கள் ஒதுக்கும் சொத்தையைச் செக்குக்கு விற்காதீர்கள். எண்ணெயைவிடப் புண்ணாக்கில்தான் நஞ்சு அதிகம் தங்கும். அதைத் தின்னும் மாட்டின் பால்தான் எங்கள் வீட்டுக்கு வருகிறது.

ஆடிப் பட்டத்துக் காயை ஐப்பசி மழையில் பிடுங்கிக் காயவைக்க விவசாயி படும் பாடு கொஞ்சமல்ல. ஈரக்காய்க்கும் காய்ந்த காய்க்கும் ஒரே விலை என்றால் அவர் ஏன் மெனக்கெட வேண்டும்? ஈரப்பதம் எட்டு சதவீதத்துக்குக் கீழே உள்ள காய்க்குக் கூடுதல் விலை வையுங்கள். அறுவடைக்கு முன்பே அந்த விலையை உங்கள் கடை வாசலில் எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
அணைக்கட்டுப் பகுதித் தாய் ஒருத்தி