பட்டியலில் டிக் அடிப்பது நோய் கண்டறிதல் ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு பற்றிய உங்கள் கட்டுரையோடு அறிகுறிப் பட்டியல் ஒன்றையும் போட்டு, 'ஐந்து பொருந்தினால் மருத்துவரைப் பாருங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். ஒரு சின்னத் திருத்தம். மனநல மருத்துவர்கள் பின்பற்றும் டிஎஸ்எம்-5 கையேட்டில் (2013) கவனக்குறைவுக்கு ஒன்பது, துறுதுறுப்புக்கும் அவசரப்படுதலுக்கும் சேர்த்து ஒன்பது என இரண்டு பட்டியல்கள் உண்டு. 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், அதைவிடச் சின்னவர்களுக்கு ஆறு. அங்கே இரண்டு, இங்கே மூன்று என்று கூட்டிக்கொள்ளக் கூடாது.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான். எனக்கு இது உறுதியானபோது வயது 41. அதற்கு இரண்டு வருடம் முன்பே ஒரு மருத்துவரிடம் போனேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "பட்டம் வாங்கியிருக்கிறீர்கள், நல்ல வேலையில் இருக்கிறீர்கள், உங்களுக்கு எப்படி இது இருக்கும்?" என்று கேட்டு, பதற்றத்துக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். அந்தப் பட்டத்துக்காக எத்தனை தேர்வுகளை இரண்டாம் முறை எழுதினேன், கடைசி நாள் வரை வேலையைத் தொட முடியாமல் எத்தனை இரவு அழுதேன் என்று அவர் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்து, நான் வெறும் சோம்பேறிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்போடு போன இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

இரண்டாவது மருத்துவர் மூன்று தடவை வரச் சொன்னார். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதால் என் அம்மாவிடம் தொலைபேசியில் பேசினார். பழைய மதிப்பெண் அட்டைகளைக் கொண்டு வரச் சொன்னார். 'புத்திசாலிப் பெண், ஆனால் எப்போதும் கனவில் இருக்கிறாள்' என்று நான்காம் வகுப்பு ஆசிரியை எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தார். வகுப்பில் ஓடியாடித் தொந்தரவு செய்கிற பையனைப் பள்ளியே கவனித்துவிடும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிற பெண்ணை யாரும் கவனிப்பதில்லை. பல பெண்களுக்கு நடு வயதில்தான் இது தெரியவருகிறது என்றார்.

அப்புறம் தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை, தூக்கம் பற்றி நிறையக் கேள்விகள். ஏடிஹெச்டியை உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. ஆனால் தைராய்டு கோளாறு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, மனச்சோர்வு எல்லாமே கவனத்தைக் குலைக்கும். அவற்றைப் பார்க்காமல் 'இருக்கிறது' என்று சொல்வதும் தப்பு, பட்டத்தை மட்டும் பார்த்து 'இல்லை' என்பதும் தப்பு. வேலை செய்யும் இடத்தில் மட்டும்தான் சிரமமா, வீட்டிலுமா என்றும் கேட்டார். ஒரே இடத்தில் மட்டும் என்றால் அந்த இடத்தில்தான் ஏதோ கோளாறு என்று யோசிக்க வேண்டுமாம்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, பழைய மதிப்பெண் அட்டைகளைத் தேடி எடுத்துப் போங்கள், சின்ன வயதில் உங்களைப் பார்த்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஒரு மருத்துவர் காது கொடுக்காவிட்டால் இன்னொருவரைப் பாருங்கள் என்பதையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி