பழைய கைப்பேசியின் பூட்டைத் திறக்கும் உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திரையும் பேட்டரியும் நன்றாக இருந்தும், தயாரிப்பாளர் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்ட ஒரே காரணத்தால் பல கைப்பேசிகள் மேசை இழுப்பறையில் முடங்கிவிடுகின்றன. சயனோஜென்மாட் என்ற மாற்று ஆண்ட்ராய்டு மென்பொருளின் தொடர்ச்சியாக 2016 டிசம்பரில் உருவான லினேஜ்ஓஎஸ் போன்ற தன்னார்வலர் திட்டங்கள், அத்தகைய கருவிகளில் பலவற்றுக்குப் புதிய ஆண்ட்ராய்டு பதிப்பை இலவசமாகவே தருகின்றன.

அப்பதிப்பை ஏற்றுவது செயலியொன்றை நிறுவுவதைப் போன்ற எளிய வேலையன்று. கைப்பேசி இயங்கத் தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடர் என்ற மென்பொருளின் பூட்டைத் திறக்கும்போதே கைப்பேசியில் சேமித்துள்ள படங்களும் குறுஞ்செய்திகளும் அழிந்துவிடும் என்பதால், நகலெடுத்த பிறகே இதில் இறங்க வேண்டும். ஒரே பெயரில் விற்கப்படும் கைப்பேசியிலேயே சிப் வேறுபடும் வகைகள் உண்டு. ஆகவே அட்டைப்பெட்டியில் உள்ள பெயரை மட்டும் நம்பாமல், அமைப்புகளில் காணப்படும் மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அதற்குரிய மென்பொருள் கோப்பினை ஏற்ற வேண்டும். இதில் அவசரப்படுவோரின் கைப்பேசி உயிரற்ற பலகையாகிவிடக்கூடும்.

எல்லாம் சரியாக முடிந்தாலும், பூட்லோடர் திறந்திருப்பதைக் கண்டறியும் சில வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கும். கைப்பேசியை வலையமைப்புடன் இணைக்கும் மோடம் போன்ற பாகங்களின், மூல நிரல் வெளியிடப்படாத மூடிய மென்பொருளைத் தன்னார்வலர்களால் திருத்த இயலாது. இக்குறையைப் பலரும் சொல்வதில்லை.

இருப்பினும், பூட்லோடரைத் திறக்கவே அனுமதிக்காத நிறுவனங்களின் போக்கை என்னால் ஏற்க முடியவில்லை. புதுப்பிப்பை நிறுத்தும் நாளிலேயே, திறப்பதற்கான வழியை உரிமையாளருக்கு அளிக்குமாறு அவற்றைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்