சண்டை கிரியை வேண்டுமா என்பதில் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கிறிஸ்தவப் பிரிவுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நற்செயல் செய்தால் மோட்சம் என்பவர்கள் கத்தோலிக்கர், நம்பினால் போதும் என்பவர்கள் புராட்டஸ்டண்டுகள் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். இரு தரப்பும் தங்களைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. எதிராளியைப் பற்றிச் சொல்வதுதான் அது.

புராட்டஸ்டண்டுகளில் மார்ட்டின் லூத்தர் வழி வந்தவர்கள் லுத்தரன்கள். அவர்களின் விசுவாச அறிக்கை 1530-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன் வாசிக்கப்பட்டது. நற்கிரியைகளைத் தடுக்கிறவர்கள் என்று எங்கள் மேல் பொய்யாகக் குற்றம் சாட்டுகிறார்கள் என்ற முறையீட்டோடுதான் அதன் 20-ஆம் பிரிவு தொடங்குகிறது. அந்தப் பக்கம், 1547-இல் கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் வெளியிட்ட கண்டனங்களில் முதலாவது, கடவுளின் அருள் இல்லாமல் சொந்தச் செயல்களாலேயே ஒருவன் கடவுள் முன் நீதிமானாக முடியும் என்பவர்களுக்கு எதிரானது. லூத்தருக்குப் பதில் சொல்வதற்காகக் கூட்டப்பட்ட சங்கம், அவர் போதனைக்கு வருவதற்கு முன் இதைக் கண்டித்திருக்கிறது.

அப்புறம் எதற்கு இத்தனை சண்டை? கிரியைக்கு, அதாவது நற்செயலுக்கு, எந்த இடம் கொடுப்பது என்பதில்தான். அருளைப் பெற்றவன் செய்யும் நற்செயல் அவனுடைய நீதியை வளர்க்கிறது, அதற்குப் பலனும் உண்டு என்கிறது ரோம், அதாவது கத்தோலிக்கத் திருச்சபை. கிறிஸ்துவின் நீதி விசுவாசிக்கு முழுமையாகவே கிடைத்துவிடுகிறது, நற்செயல் அதிலிருந்து காய்க்கும் கனி என்கிறார்கள் லுத்தரன்கள்.

புதிய ஏற்பாட்டு நிருபங்களில் விசுவாசத்தை வலியுறுத்தும் பவுலையும் கிரியையை வலியுறுத்தும் யாக்கோபையும் கட்டுரை மோதவிட்டிருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. இருவரும் எடுத்துக்காட்டுவது ஒரே ஆபிரகாமை. ஆதியாகமம் 15-இல் உள்ள ஒரே வசனத்தை. ரோமர் 4-இல் பவுல் கேட்கும் கேள்வி, ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டது விருத்தசேதனச் சடங்குக்கு முன்பா, பின்பா என்பது. முன்பேதான், விருத்தசேதனம் 17-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. யாக்கோபு காட்டுவதோ மகன் ஈசாக்கைப் பலியிடத் துணிந்த 22-ஆம் அதிகாரத்து ஆபிரகாமை. அதற்குள் ஈசாக்கு பிறந்து, வளர்ந்து, விறகு சுமந்து மலையேறும் பிள்ளையாகிவிட்டான். ஒருவர் தொடக்கத்தைப் பேசுகிறார், மற்றவர் அந்த விசுவாசம் பல வருடம் கழித்து என்னவாக இருந்தது என்று பார்க்கிறார். யாக்கோபு யாரைக் கண்டிக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். உடுத்தத் துணியும் அன்றைக்குச் சாப்பாடும் இல்லாமல் நிற்கிறவனைக் குளிர்காய்ந்து பசியாறச் சொல்லி, கையில் ஒன்றும் கொடுக்காமல் அனுப்பிவிடுகிற ஆளை. அந்த ஆளுக்காகப் பவுல் எங்கேயும் வாதாடவில்லை. கிரியைகளால் அல்ல, கிருபையால் விசுவாசத்தின் மூலம் இரட்சிக்கப்பட்டீர்கள் என்னும் எபேசியர் 2-இன் 8, 9 வசனங்களை மனப்பாடமாகச் சொல்லும் நம்மவர்கள் பலர் 10-க்கு வருவதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். நற்கிரியைகளுக்கென்றே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்பது அங்கேதான் இருக்கிறது. (யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று லூத்தர் 1522-இல் தன் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் முன்னுரையில் எழுதியது உண்மைதான். பிந்தைய பதிப்புகளில் அந்த வரி இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை.)

கட்டுரையில் பெரிய விடுபடல், 1999 அக்டோபர் 31 அன்று அதே ஆக்ஸ்பர்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை. நம் தகுதி எதனாலும் இல்லாமல், கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில், கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்றும், அவர் தரும் ஆவியானவர் நம்மை நற்செயல்களுக்கு ஆயத்தப்படுத்துகிறார் என்றும் இருவரும் சேர்ந்தே அதில் சொன்னார்கள். 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்த சபைகளும் (பிரெஸ்பிட்டேரியன்கள் இந்த வகையினர்) இதில் இணைந்தார்கள். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அந்தக் கூட்டமைப்பின் உறுப்பு. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்குள் மெதடிஸ்டுகளும் பிரெஸ்பிட்டேரியன்களும் இருக்கிறார்கள். ஆக, இது நம் ஊர்ச் சபைகளையும் தொடுகிற விஷயம். ஆனால் நம் பிரசங்க பீடங்களில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் மிசூரி சினட் லுத்தரன்கள் அந்த அறிக்கையை ஏற்கவில்லை. கையெழுத்தான மறு வருடமே, 2000-ஆம் ஆண்டு யூபிலியில் பாவத் தண்டனையை நீக்கும் பரிபூரண பலன்களை ரோம் வழங்கியபோது லுத்தரன்கள் பலருக்கு நெருடலாகத்தான் இருந்திருக்கும்.

என்னைக் கேட்டால் ரோமைவிட நற்செய்திக் கூட்டங்கள் நடக்கும் நம் கன்வென்ஷன் பந்தல்கள்தான் அதிகக் கவலை தருகின்றன. எவ்வளவு உறுதியாக நம்புகிறாய் என்று ஆளை அளக்கத் தொடங்கினால் விசுவாசமே இன்னொரு கிரியையாகிவிடுகிறது. வியாதி குணமாகாவிட்டால் உனக்கு விசுவாசம் பத்தவில்லை என்று நோயாளி தலையிலேயே பழியைப் போடுகிறார்கள். காணிக்கை விதைத்தால் பல மடங்கு அறுக்கலாம் என்று டிவியில் பேசுகிறவருக்கும், 1517-இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்ற டெட்ஸலுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால் இதையும் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்.