வீட்டு முகப்பில் ஓர் அறுவடை

மணிலா
மே 19

அன்புள்ள நண்பனுக்கு,

நான் நலம். உன் வீட்டில் அனைவரும், குறிப்பாக அம்மா, நலமாக இருக்க வேண்டுகிறேன். சம்பா அறுவடை முடிந்து கடைசி மூட்டையையும் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிவிட்ட பிறகு நீ எழுதிய கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. ஊர்த் திருவிழாக்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கு உரியவை என்று ஆகிவிட்ட பிறகு, விளைச்சலுக்கு நன்றி சொல்லுதல் என்ற ஒன்று அவற்றில் மிச்சம் இருக்கிறதா என்று அதில் கேட்டிருந்தாய். உட்கார்ந்து யோசித்து எழுதக்கூடிய பதில் என்னிடம் இல்லை. ஆனால் சென்ற வாரம் லுக்பானுக்குப் போய் வந்தேன்; அங்கே கண்டதை எழுதுகிறேன்.

லுக்பான், பிலிப்பைன்ஸ் நாட்டின் கெசோன் மாகாணத்தில் பனாஹாவ் மலையின் அடிவாரத்தில் இருக்கும் சிற்றூர். முன்பு தயாபாஸ் என்று வழங்கிய அந்த மாகாணத்துக்கு, நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த மானுவல் கெசோனின் பெயரை 1946-இல் சூட்டினார்கள். மலையின் நிழலிலேயே கிடப்பதால் ஊர் எப்போதும் குளிர்ந்திருக்கும். மே மாதத்திலும் பிற்பகலில் ஒரு மழை பெய்துவிட்டுப் போகும். அங்கே ஆண்டுதோறும் மே 15-ஆம் தேதி, உழவர்களின் பாதுகாவலரான புனித இசிதோரின் திருநாளன்று, பஹியாஸ் என்ற விழா நடக்கிறது. இசிதோர் ஸ்பெயினில் மாட்ரிட் நகரத்தை அடுத்த பண்ணை ஒன்றில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். அவர் செபத்தில் ஆழ்ந்திருந்த வேளைகளில் வானதூதர்கள் வந்து அவருடைய ஏரை ஓட்டினார்கள் என்பது அவரைப் பற்றிய கதை. 1622-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த அதே நாளில்தான், நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நடந்து திரிந்த சவேரியாருக்கும் பட்டம் கொடுத்தார்கள் என்பது உனக்குத் தெரிந்தால் மகிழ்வாய்.

முற்காலத்தில் உழவர்கள் விளைந்ததில் முதற்பங்கைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பங்குத் தந்தையிடம் மந்திரித்து வாங்கி வந்தார்களாம். விளைச்சல் பெருகிக் கோயில் வாசலில் இடம் போதாமற்போகவே, நீங்கள் அவரவர் வீட்டு வாசலில் வையுங்கள், நானே தெருத்தெருவாக வந்து மந்திரிக்கிறேன் என்று ஒரு குருவானவர் சொன்னதாக ஊரார் சொல்கிறார்கள். இன்றைய விழாவின் அமைப்பு முழுவதும் அந்த ஏற்பாட்டிலிருந்து வந்ததுதான். புனிதரின் சுரூபம் பவனி வரும் தெருக்களில் உள்ள வீடுகள் மட்டுமே அலங்கரிக்கப்படுகின்றன. பவனியின் வழியோ ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. ஆகவே ஒரு வீட்டுக்கு முறை வருவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். தங்கள் முறை வரும் ஆண்டை ஒரு குடும்பம் எப்படி எதிர்பார்த்திருக்கும் என்பதை, பத்து ஆண்டுக்கு ஒருமுறை குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் வீட்டில் பிறந்த உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வீட்டு முகப்பு முழுவதையும் விளைச்சலே மூடியிருக்கிறது. நெற்கதிர்க் கட்டுகள், பூசணி, பாகல், புடலை, மிளகாய்ச் சரம், தேங்காய், வாழைத்தார், அன்னாசி என்று எதையும் விட்டுவைப்பதில்லை. புரி என்ற பனை வகையின் ஓலையில் முடைந்த தொப்பிகளை அடுக்கிய வீடுகளும் உண்டு, ஏனென்றால் தொப்பி முடைவது அவ்வூரின் பழைய கைத்தொழில். பூண்டு மணக்கும் லுக்பான் லொங்கனிசா என்ற இறைச்சிக் குழல்களைக்கூடத் தோரணமாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். யார் என்ன தொழில் செய்து பிழைக்கிறார்களோ அதுவே அவர்கள் வீட்டுக்கு அணி.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது கிப்பிங். விழாவுக்கு இரண்டு நாள் முன்பே போயிருந்ததால், அது செய்யப்படுவதை ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் பார்த்தேன். அரிசியை ஊறவைத்து அரைத்த மாவில் நிறம் கலந்து, கபால் என்ற மரத்தின் அகன்ற இலைமேல் மெல்லியதாகப் பூசுகிறார்கள். காப்பி இலையையும் பயன்படுத்துவதுண்டு. பூசிய இலையை ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, சுருளாமல் இருக்கப் பாரம் வைத்து அழுத்தி, பிறகு உரிக்கிறார்கள். லோலா என்று எல்லாரும் அழைத்த அந்த வீட்டுப் பாட்டி, இலையின் காம்புப் பக்கத்தை நகத்தால் நெம்பி, மூச்சு விடாதவர்போல் ஒரே இழுப்பில் உரித்து எடுத்தார். கையில் நின்றது இலையல்ல, இலையின் அச்சு. நடுநரம்பும் கிளைநரம்பும் விளிம்பின் சிறு பிசிறும்கூட அதில் அப்படியே பதிந்திருந்தன. வெயிலில் பிடித்துக் காட்டினார். சிவப்பு நிறத்துக்குள் ஒளி புகுந்து அவர் விரல்களில் விழுந்தது. எனக்கு உடனே உன் வீட்டு மாடியும், கோடை விடுமுறையில் உன் அம்மா ஊற்றிய இலை வடாமும், அரைவேக்காடாக உரித்துத் தின்றதற்காக நாம் இருவரும் வாங்கிய வசவும் நினைவுக்கு வந்தன. கடல் கடந்த ஊரில் அதே அரிசி மாவு, அதே இலை, அதே ஆவி. லோலாவிடம் இதைச் சொன்னபோது, நீங்கள் அதைச் சுவரில் மாட்டமாட்டீர்களா என்று வியந்து கேட்டார்.

அவர்கள் மாட்டுகிறார்கள். நூற்றுக்கணக்கான கிப்பிங்குகளை அடுக்கடுக்காகக் கோத்து, அரன்யா என்ற பெரிய சரவிளக்குகளாகச் செய்து பலகணிகளில் தொங்கவிடுகிறார்கள். காற்று வந்தால் தெரு முழுவதும் சருகு நடுங்குவதுபோல் ஓர் ஓசை கேட்கும். மழைத்துளி பட்டால் அரிசி இளகிவிடும் என்பதால், மேகம் கருத்ததும் ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் நெகிழித் தாள்களோடு ஏணியில் ஏறுகிறார்கள். அழகுக்காகச் செய்த பொருளையும் உணவைக் காப்பதுபோலவே காக்கிறார்கள்; அது உண்மையிலேயே உணவுதான். விழா முடிந்ததும் இறக்கிப் பொரித்துத் தின்றுவிடுகிறார்கள்.

உன் கேள்விக்கு வருகிறேன். கூட்டம் மிகுதி என்பது உண்மை. சிறந்த அலங்காரத்துக்குப் பரிசு உண்டு. சில சுவர்களில் நெற்கதிருக்கு நடுவே விளம்பரத் துணியும் தொங்கியது. அது எனக்கு வருத்தமாகவே இருந்தது. வாழையிலையில் வைத்துக் காடி தெளித்துக் கொடுத்த ஹப்ஹப் நூடுல்ஸை எல்லாரையும்போலக் கையும் கரண்டியும் இல்லாமல் வாயாலேயே எடுத்து உண்டபடி, நீ சொன்னதுதான் சரியோ என்று எண்ணிக்கொண்டு ஒரு பின்சந்துக்குள் திரும்பினேன். பவனி இந்த ஆண்டு அந்தப் பக்கம் வரவில்லை. நடுவரும் இல்லை, படம் எடுப்பவரும் இல்லை. அங்கே ஒரு தாழ்ந்த வீட்டின் சன்னலில் ஒரு நெற்கட்டும், இரண்டு சுரைக்காயும், ஐந்தாறு கிப்பிங்கும் கட்டியிருந்தன. வாசலில் நின்ற பெண்ணிடம், பவனி அடுத்த தெருவில்தானே என்று கேட்டேன். ஆமாம், ஆனால் நெல் எங்கள் வயலில் அல்லவா விளைந்தது என்றார். பிறகு, முன்பின் தெரியாத என்னைச் சாப்பிட வரச் சொன்னார். இந்த நாட்டில் அது வாய்ச்சொல் அல்ல, தட்டும் வைத்துவிட்டார்கள்.

அதே மாகாணத்தின் மற்ற ஊர்களும் அதே நாளைக் கொண்டாடுகின்றன. சரியாயாவில் மூங்கில்களில் பண்டங்களைக் கட்டி வைத்து, பவனி கடந்ததும் ஊரே பாய்ந்து பறித்துக்கொள்கிறது. குமாகாவில் காய்கனிகளால் பெரிய வளைவுகள் கட்டிப் பின் அவற்றையும் அவ்வாறே பிரித்துக்கொள்கிறார்கள். தயாபாஸில், ஓலையில் சுற்றி அவித்த சூமன் என்ற அரிசிப் பண்டத்தைக் கூட்டத்தின்மேல் வீசுகிறார்கள். எங்கேயும் புனிதருக்குக் காட்டியது மனிதர்களின் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்த ஊர்களையும் ஒரு மே மாதத்தில் நேரில் பார்க்க வேண்டும். நீயும் வந்தால் சேர்ந்து போகலாம்.

லோலா எனக்கு ஒரு கட்டு கிப்பிங் கொடுத்தனுப்பினார். பாதியை, உடையாமல் இருக்க அட்டைக்கு நடுவில் வைத்து, உனக்கு அனுப்பியிருக்கிறேன். பொரிப்பதற்கு முன் அம்மாவிடம் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டு. அவர்கள் வடாம் ஊற்றியது பூவரச இலையிலா, வேறு இலையிலா என்று எனக்கு நினைவில்லை. லோலா அதைக் கேட்டுச் சொல்லும்படி இரண்டு முறை சொல்லியிருக்கிறார். விசாரித்து எழுது.

உன் அன்பு நண்பன்