புதையல் கதையும் வேடியப்பன் கல்லும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் சிலுவைப் போர்க் காலத்து டெம்ப்ளர் என்னும் கிறிஸ்தவப் போர்த்துறவிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பாதிக்கு மேல் அவர்கள் ஒளித்துவைத்த தங்கம் பற்றிய பேச்சுதான். பள்ளியில் வரலாறு நடத்தியவள் என்பதால் மட்டும் இதை எழுதவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்தப் பேச்சு என்ன செய்யும் என்று தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ஹெர்ஃபோர்ட்ஷயர் பக்கம் என் மகள் நர்ஸாக இருக்கிறாள். அவளிடம் போயிருந்தபோது கார்வே என்ற சிற்றூரின் புனித மிக்கேல் ஆலயத்தைப் பார்த்தேன். டெம்ப்ளர்கள் எழுப்பியது. எருசலேமில் இயேசுவின் கல்லறை மேல் எழுந்த திருக்கல்லறைக் கோயிலை நினைத்து வட்டமாகக் கட்டியிருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் அதை நீள்சதுரமாக மாற்றிவிட்டாலும், வட்டச் சுவரின் அடித்தளம் வடக்குப் பக்கம் வெளியே இன்றும் தெரிகிறது. அந்த வளைவைப் பார்த்ததும் மனம் நெகிழ்ந்துவிட்டது. 1312-இல் திருத்தந்தை ஐந்தாம் கிளமெண்ட் டெம்ப்ளர் சபையைக் கலைத்ததும் சொத்து ஹாஸ்பிட்டலர் என்ற இன்னொரு போர்த்துறவிகள் சபைக்குப் போனது. அவர்கள் 1326-இல் கட்டிய கல் புறாமாடம் பக்கத்துப் பண்ணையில் நிற்கிறது. உள்ளே 600-க்கும் மேற்பட்ட பொந்துகள்!

இங்கிலாந்தில் டெம்ப்ளர்கள் வாழ்வு பெரும்பாலும் நிலமும் ஆட்டுமந்தையும்தான். 1185-இல் அவர்கள் நிலங்களைப் பற்றி எடுத்த கணக்கில் எந்த ஊரில் யார் எவ்வளவு நிலம் வைத்திருந்தார், என்ன வாடகை கட்டினார் என்றெல்லாம் இருக்கிறது. எஸ்ஸெக்ஸில் கிரெஸ்ஸிங் டெம்பிளில் 13-ஆம் நூற்றாண்டு மரக் களஞ்சியங்கள் இரண்டு இன்னும் இருக்கின்றன. ஒன்று பார்லிக்கு, ஒன்று கோதுமைக்கு. 1308-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்டின் ஆட்கள் அவர்களைப் பிடித்துச் சொத்தைப் பட்டியல் போட்டபோது எழுதியதில் பெரும்பகுதி ஆடு, மாடு, தானியம், பூசைச் சாமான்.

இனி எங்கள் ஊர்க் கதை. காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் கொல்லைக்கு அருகே வேடியப்பன் என்று கும்பிடும் நடுகல்லை யாரோ இரவில் பெயர்த்துத் தள்ளி, அடியில் ஆள் உயரம் தோண்டியிருந்தார்கள். கையில் வில்லும் மார்பில் தைத்த அம்புமாக நிற்கும் வீரன் அவன். ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட கல்லுக்கடியில் பொன் எதற்கு இருக்கும்? கல்லின் கீழ்ப்பாதி உடைந்துவிட்டது. அதில் எழுத்து இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

தருமபுரி அருங்காட்சியகத்துக்கு உங்கள் நிருபரை அனுப்புங்கள். அங்கே நடுகற்கள் நிறைய இருக்கின்றன. நம் பகுதி நடுகற்களில் பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டோடு இறந்தவன் பெயரைச் சொல்பவையும் உண்டு. அந்தப் பெயர்களை அச்சில் ஏற்றுங்கள். வயல்வெளியில் தனியாக நிற்கும் கற்களைப் பற்றி எழுதினால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போகும் வழியைப் போட வேண்டாம். எங்காவது தோண்டிய மண் புதிதாகக் கிடந்தால் உடனே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள் என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.