உன் பாட்டுகளை அனுப்பி வை

யீஷூன், சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை. நீ கேட்டதற்கு யோசிக்காமல் பதில் எழுத மனம் வரவில்லை. பெரிய இசைக்குழுக்களிலிருந்து வந்தவர்கள் தனியாகப் போட்ட ஆல்பங்களில் எதையெல்லாம் இன்னும் கேட்கிறாய் என்று கேட்டிருந்தாய். அதே கடிதத்தின் கடைசிப் பக்க ஓரத்தில், பொடி எழுத்தில், ஏழெட்டுப் பாட்டு எழுதி வைத்திருப்பதாகவும் யாரிடமும் காட்டவில்லை என்றும் ஒரு வரி. கேள்வியே அந்த வரிக்காகத்தான் என்று எனக்குப் பட்டது. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் பொங்கோலில் வீடு கிடைத்துக் குடிபோய்விட்டாள். சனிக்கிழமைதோறும் பேரனைக் கொண்டுவந்து விடுகிறாள். மூன்று வயது. மைலோ டின்னைக் கவிழ்த்துப் போட்டுக் கரண்டியால் தட்டுகிறான், தாளம் சரியாகவே விழுகிறது. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, காது மட்டும் அப்படியே இருக்கிறது. அப்பா போய் ஒரு வருடம் முடிந்து திதியும் கொடுத்துவிட்டோம். அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

சரி, பாட்டுக்கு வருவோம்.

என் முதல் இடம் ஜார்ஜ் ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஆல்பத்துக்குத்தான். அவருடைய குழுவான பீட்டில்ஸ் கலைந்த அதே 1970-ல், நவம்பரில், மூன்று இசைத்தட்டுகளாக வந்தது. அவ்வளவு பாட்டு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார். குழுவில் லெனனும் மெக்கார்ட்னியும் எழுதிக் குவித்துக்கொண்டிருந்த இடத்தில் ஜார்ஜுக்குப் பெரும்பாலும் ஒரு தட்டுக்கு ஒரு பாட்டு, இரண்டு பாட்டு என்றுதான் இடம் கிடைத்தது. 1967-ல் வந்த 'சார்ஜென்ட் பெப்பர்' தட்டில் அவர் பாட்டு ஒன்றே ஒன்று. 'இஸின்ட் இட் எ பிட்டி' குழு இருந்தபோதே எழுதி ஒதுக்கப்பட்ட பாட்டு. தலைப்புப் பாட்டையும் 1969 ஜனவரியில் மற்ற மூவரோடு சேர்ந்து ஒத்திகை பார்த்தார், அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அத்தனையும் சேர்த்து வைத்து, கதவு திறந்ததும் கொண்டுவந்து கொட்டினார். அந்த ஆல்பத்தில் கோபம் இல்லை என்பதுதான் என்னை இன்றும் உலுக்குகிறது. அத்தனை வருடம் ஓரத்தில் நின்றவனுடைய குரல் அவ்வளவு கனிவாக இருக்க முடியும் என்று அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

'மை ஸ்வீட் லார்ட்' பாட்டை எங்கள் வீட்டில் முதல்முதலாகப் போட்டபோது நீயும் இருந்தாய். வெள்ளிக்கிழமை, அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தார். கோரஸ் அல்லேலூயாவில் தொடங்கி ஹரே கிருஷ்ணாவுக்கு மாறி, கடைசியில் 'குருர் பிரம்மா, குருர் விஷ்ணு' என்று சுலோகத்துக்கே வந்துவிடும். அம்மா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே வந்து ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றார். அந்த மெட்டு 1963-ல் பிரபலமான வேறொரு பாட்டின் மெட்டு என்று வழக்குப் போட்டார்கள். தெரிந்தே எடுக்கவில்லை, ஆனால் மனதின் ஆழத்திலிருந்து தன்னை அறியாமல் எடுத்துவிட்டார் என்று 1976-ல் அமெரிக்க நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் ஒற்றுமை தெரியத்தான் செய்கிறது. ஆனாலும் அம்மாவை அடுப்படியிலிருந்து கூட்டிவந்தது ஹாரிசனின் பாட்டுதான்.

இனி வருவது நம் குழுவின் பேஸ் கிட்டார்க்காரனான உனக்காக. ஹாரிசன் ஆல்பம் வந்து இரண்டே வாரத்தில், 1970 டிசம்பரில், ஜான் லெனனின் 'பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்' வந்தது. இரண்டிலும் தயாரிப்பில் ஃபில் ஸ்பெக்டர் இருக்கிறார். இரண்டிலும் பீட்டில்ஸின் டிரம்மர் ரிங்கோ வாசிக்கிறார். பேஸ் வாசிப்பது கிளவுஸ் ஃபோர்மன், பீட்டில்ஸின் 'ரிவால்வர்' ஆல்பத்துக்கு அட்டைப்படம் வரைந்த அதே மனிதர். ஆனால் இரண்டும் ஒரே ஊரில் செய்தவை என்று கேட்டால் நம்ப முடியாது. ஹாரிசனுடையது தேர்த் திருவிழா மாதிரி, எத்தனை கிட்டார், எத்தனை ஊதுகருவி என்று எண்ண முடியாது. லெனனுடையது சாமான் எல்லாம் வெளியேற்றிய வீடு. 'மதர்' பாட்டு மெதுவான மணியோசையில் தொடங்குகிறது, அப்புறம் பியானோ, பேஸ், டிரம்ஸ், ஒரு மனிதன், அவ்வளவுதான். சின்ன வயதில் விட்டுப்போன அப்பா, 1958-ல் கார் மோதி இறந்த அம்மா, இருவரையும் பேர் சொல்லாமல் கூப்பிடுகிறான். கடைசியில் அது கத்தலாகவே ஆகிவிடுகிறது. உருட்டி வாசிக்க அந்தப் பாட்டில் இடம் எத்தனையோ இருக்கிறது. ரிங்கோ ஒன்றைக்கூட எடுக்கவில்லை, நண்பன் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார். டிரம்ஸ் வாசிப்பதில் இதைவிடப் பெரிய பாடம் நான் கேட்டதில்லை.

தனி ஆல்பம் என்கிறோம், ஆனால் நல்ல தனி ஆல்பங்களில் யாரும் தனியாக இல்லை. பாட்டு யாருடையது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை, கூட நிற்கிறவர்கள் பழையவர்கள்தான். மெக்கார்ட்னி அதே 1970 ஏப்ரலில் எல்லாக் கருவியையும் தானே வாசித்து, பெரும்பாலும் வீட்டிலேயே, ஒரு ஆல்பம் பதிவு செய்தார். 'மேபி ஐம் அமேஸ்டு' ஒன்றைத் தவிர எனக்கு அது பாதி எழுதிய குறிப்பாகத்தான் படுகிறது. மனைவி லிண்டாவோடு சேர்ந்து 1971-ல் செய்த 'ராம்' அதைவிட எவ்வளவோ உயிரோடு இருக்கிறது.

அடுத்தது ஜெனிசிஸ் குழுவின் பில் காலின்ஸ். 1981-ல் 'ஃபேஸ் வேல்யூ' கேசட் வந்தபோது நான் தேசிய சேவையில் இருந்தேன். வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் அதுதான். 'இன் த ஏர் டுநைட்' பாட்டில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் தாள இயந்திரமும் கீபோர்டும் கொஞ்சம் கிட்டாரும் குரலும்தான். நாம் இனி எதுவும் வராது என்று நினைக்கும்போது டிரம்ஸ் உள்ளே விழும். அந்தச் சத்தம் அதற்கு முந்தின வருடம், பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்தில் பிறந்தது. ஜெனிசிஸ் குழுவை விட்டுப் போன பாடகரான கேப்ரியலுக்கு, அதே குழுவின் டிரம்மர் காலின்ஸ் வந்து வாசித்துக் கொடுத்தார். ஜால்ரா தட்டுகள் ஒன்றும் வேண்டாம் என்று கேப்ரியல் சொல்லியிருந்தார். ஸ்டுடியோவில் வாசிப்பவர் பேசுவது கேட்பதற்காகத் தொங்கவிட்டிருந்த மைக் வழியாக டிரம்ஸ் சத்தம் தற்செயலாக வந்து, நசுங்கி, திடீரென்று அறுந்து நின்றது. பொறியாளர் ஹியூ பேட்ஜம் அதைப் பிடித்துக்கொண்டார். காலின்ஸ் தன் ஆல்பத்துக்கு அவரையே அழைத்துக்கொண்டார். முதல் கல்யாணம் முறிந்து, வீட்டில் ஒற்றையாக உட்கார்ந்து பதிவு செய்த பாட்டுகள் அவை. அந்த வலிக்கு ஜெனிசிஸில் இடம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் அதற்காக அவர் குழுவை விட்டுவிடவில்லை, 1996 வரை அங்கேயே இருந்தார்.

கேசட் உறையில் வயலின் என்று எல்.சங்கர் பெயரைப் பார்த்து நாம் இருவரும் குதித்தது நினைவிருக்கிறதா? எல்.வைத்தியநாதன், எல்.சுப்ரமணியம் ஆகியோரின் தம்பி, நம் இசையும் ஜாஸும் கலந்த சக்தி குழுவில் கிட்டார்க்காரர் ஜான் மெக்லாஃப்லினோடு வாசித்தவர். பின்னால் 1989-ல் கேப்ரியலின் 'பேஷன்' ஆல்பத்திலும் அவருடைய இரட்டை வயலின் வருகிறது. கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானின் குரலும் அதிலேயே இருக்கிறது. கேப்ரியலின் 'ஸோ' தான் எல்லோருக்கும் தெரியும், எனக்குப் 'பேஷன்'தான் பிடிக்கும். தன் பேரைப் போட்ட தட்டில் மற்றவர்களை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நிற்கும் மனம் அதில் தெரிகிறது. அவர் தொடங்கிவைத்த வோமேட் உலக இசை விழா நம்மூர் ஃபோர்ட் கேனிங் பூங்காவுக்கே வந்து, நாம் ஈரப் புல்லில் பாய் விரித்து நடுராத்திரி வரை கேட்டோமே, அதை நினைத்தால் இன்னும் கால் நனைகிறது.

குயீன் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி பற்றி உன்னோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. 1985-ல் வந்த அவருடைய தனி ஆல்பம் 'மிஸ்டர் பேட் கை' உனக்குப் பிடிக்கும். அந்தப் பாட்டுகள் நல்லவை, போட்டிருக்கும் சட்டைதான் பொருந்தவில்லை என்பேன். அவர் இறந்த பிறகு, 1995-ல், மற்ற மூவரும் அதில் இரண்டை எடுத்துப் புதிதாக வாசித்துக் குயீன் ஆல்பத்தில் சேர்த்தார்கள். அப்போதுதான் அவை வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

நம்மூர்க்காரரை விட முடியாது. ஸ்வீட் சேரிட்டி ராக் குழுவில் அத்தனை வருடம் பாடிய ரம்லி சாரிப், எண்பதுகளில் குழுவை விட்டுத் தனியாக வந்து 'புக்கான் கெரானா நாமா' பாடினார். பேருக்காக அல்ல என்று அர்த்தம். 2019-ல் தேசிய கீதத்தை அந்தக் கரகரத்த குரலில் மெதுவாகப் பாடினார், ஊரில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது.

இனி அப்பா.

உனக்குத் தெரியும், அப்பா கடற்படைத் தளத்தில் வெல்டர். 1968-ல் பிரிட்டிஷ்காரர்கள் கப்பல் பட்டறையைச் சிங்கப்பூர் அரசிடம் கொடுத்து அது செம்பவாங் ஷிப்யார்டு ஆனபோதும் அங்கேயே இருந்தார், ஓய்வு பெறும் வரை. வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நம் வாசிப்பைப் பற்றியும் பேசியதில்லை. ஆனால் நாம் முதல் கல்யாணக் கச்சேரிக்குப் போன அன்று, நம் மாடியில் லிஃப்ட் நிற்காது என்று உன் ஆம்பிளிஃபயரைத் தோளில் தூக்கி மூன்று மாடி இறக்கிக் கொடுத்தாரே. அதுதான் அவர் சொன்னது எல்லாம்.

1991-ல் வந்த ஸ்டிங்கின் 'த ஸோல் கேஜஸ்' அப்போதே வாங்கினேன். இரண்டு முறை கேட்டுவிட்டு, இழுவையாக இருக்கிறது என்று எடுத்து வைத்துவிட்டேன். ஸ்டிங் வளர்ந்தது இங்கிலாந்தின் வடக்கே வால்ஸெண்டில், தெருக்கோடியில் கப்பல் பட்டறை. அப்பா பால் போடுகிறவர். பெற்றோர் இருவரும் அடுத்தடுத்துப் போன பிறகு சில வருடங்கள் அவருக்கு ஒரு வரிகூட எழுத வரவில்லை. பிறகு வந்தது இந்த ஆல்பம், முழுக்க ஆறும் கப்பலும் அப்பாவும். நார்தம்பிரியக் காற்றுக்குழல் தொடங்கும் இடத்திலேயே அந்த ஊர் வந்துவிடுகிறது. அவருடைய பழைய போலீஸ் குழுவின் மூன்று பேர் சேர்ந்து அடித்த அந்த வேகத்தில் இதைச் சொல்லியிருக்க முடியாது.

அப்பாவின் அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டுப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்த மறுநாள், செம்பவாங் பூங்காவின் படகுத்துறை வரை தனியாக நடந்து போனேன். எதிரே ஜோகூர், பக்கத்தில் பட்டறைப் பக்கம் கிரேன்கள். காதில் இந்த ஆல்பத்தைப் போட்டேன். 'ஆல் திஸ் டைம்' வந்தது. துள்ளலான மெட்டு. அதில் ஒரு பையன், பாதிரியார்கள் வந்து செய்யும் சடங்கு வேண்டாம், அப்பாவைப் படகில் கொண்டுபோய்க் கடலில் சேர்த்துவிடுவேன் என்கிறான். முப்பது வருடத்துக்கு மேல் என் அலமாரியில் இருந்த பாட்டு அது. மீன்பிடிக்க வந்திருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் தூண்டிலை வைத்துவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மச்சான், இப்போது உன் பொடி எழுத்து வரிக்கு வருகிறேன்.

1984-ல் ஒரு புதன்கிழமை, சமூக மன்றத்து ஒத்திகை அறைக்கு நீ ஒரு பாட்டு கொண்டுவந்தாய். மழையைப் பற்றியது, தமிழில். சனிக்கிழமை கல்யாணத்துக்கு இருபது சினிமாப் பாட்டு தயார் செய்ய வேண்டியிருந்தது. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொன்னது நான்தான். நீ தாளை மடித்துக் கிட்டார் பெட்டியில் வைத்தாய். அடுத்த வாரமும் கேட்கவில்லை, அதற்கடுத்த வாரமும் கேட்கவில்லை. ஹாரிசனின் ஆல்பத்தை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மடித்த தாள் கண்ணில் வரும். இத்தனை வருடம் அதைச் சொல்லாமல் இருந்ததற்கு என்னை மன்னித்துவிடு.

ஏழெட்டுப் பாட்டையும் ஃபோனில் பதிவு செய்து அனுப்பு. குரல் தடுமாறினாலும் பரவாயில்லை, முனகலாக இருந்தாலும் பரவாயில்லை. எதையும் திருத்தாதே. செப்டம்பரில் உன்னைப் பார்க்கப் பெர்த்துக்கு வருகிறேன், இரண்டு வாரம். மரப்பெட்டி டிரம் ஒன்றும் பிரஷ் ஜோடி ஒன்றும் பையில் கொள்ளும். பாட்டு உன்னுடையது, நீதான் பாட வேண்டும். நான் பின்னால் உட்கார்ந்து, நீ முடிக்கும் வரை காத்திருப்பேன்.

அந்த மழைப் பாட்டு இன்னும் இருக்கிறதா? நீ அடித் தந்தியில் ஒரே சுரத்தை நாலு தடவை மெதுவாகத் தட்டிவிட்டுத் தொடங்குவாய். அதற்குமேல் எனக்கு ஞாபகம் இல்லை. அதை முதலில் அனுப்பு.

அன்புடன்,
உன் டிரம்மர்